கண்டி றோட்டில் நான் போட்ட மண்

என் தம்பியை மான் முட்டிக் கொன்றது என்றுதான் எங்கள் பகுதியில் இன்றைக்கும் சொல்வார்கள். பளைக்கும் இயக்கச்சிக்கும் நடுவில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதுதான் கதை. மானைத் துரத்திக்கொண்டு போனானாம், கிடாய் மான் திரும்பிக் கொம்பால் குத்தியதாம், செத்துப் போனானாம். கேட்கிறவர்கள் கொஞ்சம் சிரிப்பார்கள் கூட. மான் முட்டிச் சாவதும் ஒரு சாவா என்ற சிரிப்பு.

அவன் லொறி அடித்துச் செத்தவன். அடித்த உடனே சாகவும் இல்லை. விடியப்புறம் அடிபட்டவன் மத்தியானம் வரை கிடந்தான். அவன் கிடந்த இடத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருந்திருக்கும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத எனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும். இன்னொருவருக்குச் சொல்லி எழுதுவிக்கிற விஷயம் இல்லை இது. சொன்னால் இரக்கப்பட்டு அங்கங்கே மெதுவாக்கி எழுதிவிடுவார்கள்.

எங்கள் ஒன்பது வீடுகளும் கண்டி றோட்டுக்கு வடக்குப் பக்கம். வீடுகளுக்குப் பின்னால் தோட்டம். றோட்டுக்குத் தெற்கே ஆழமான ஒரு வெள்ள வாய்க்கால். அதற்கப்பால் களப்பு வரைக்கும் ஈச்சம்பற்றையும் காரைப்பற்றையுமாகக் காடு. மான்கள் பகலில் அந்தக் காட்டுக்குள் கிடக்கும். பொழுதுபட்டால் றோட்டைக் கடந்து வந்து எங்கள் பயற்றையும் வற்றாளைக் கிழங்குக் கொடியையும் தின்னும். விடிந்து வெளிக்கிற நேரம் திரும்பிப் போகும். மாட்டு வண்டில் மட்டும் போன காலத்தில் மானுக்கு அந்த றோட்டு ஒரு பொருட்டே இல்லை. மாட்டுச் சலங்கை கேட்டால் ஒதுங்கி நின்று, வண்டில் போன பிறகு கடக்கும். தார் போட்டு, வன்னியிலிருந்து விறகும் நெல்லும் ஏற்றிய லொறிகள் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சாவுகள் வந்தன. வெளிச்சம் கண்ணில் பட்டால் மான் ஓடாது. அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் வந்த பக்கமே திரும்பும். மாதத்துக்கு ஒன்றாவது அடிபடும். ஒருமுறை சினைப்பட்ட பெட்டை மான் ஒன்று வயிறு பிரிந்து கிடந்தது. அன்றைக்கு மட்டும் ஒருவரும் பங்கு கேட்கவில்லை. வேலியோரம் கிடங்கு வெட்டித் தாட்டோம்.

மற்றபடி அடிபட்டு விழுந்த மான் ஒன்பது வீட்டுக்கும் பொது. லொறிக்காரன் நின்றால் அவனுக்கு ஒரு தொடை. மிச்சம் வீட்டுக்கு ஒரு பங்கு. உலை எரிகிற வீடெல்லாம் வீடுதான், அதில் சின்ன வீடு பெரிய வீடு பார்ப்பதில்லை. ஆனால் எல்லாம் கெதியாக நடக்க வேண்டும். சட்டம் என்ன சொன்னது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மான் இறைச்சி சட்டியில் இருந்தால் ஊருக்குப் பொறுப்பான விதானையார் எழுதிக்கொண்டு போவார், பிறகு வழக்கென்று கோட்டுக்கு அலைய வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஆகவே ஆம்பிளைகள் மானைத் தூக்கிக்கொண்டு வீட்டு வளவுக்குள் போய்விடுவார்கள். றோட்டில் கிடக்கும் இரத்தத்துக்கு மண் போடுவது பெண்கள் வேலை. வேலியோரத்து மணலை ஓலைப் பெட்டியான கடகத்தில் அள்ளி வந்து கொட்டி, ஓலைத் துண்டால் தட்டிப் பரவி, மேலே கொஞ்சம் சருகும் தூவிவிட வேண்டும். அந்த வேலையில் எனக்கு நிகர் அங்கே ஒருத்தியும் இல்லை. நான் மண் போட்டால் அந்த இடத்தில் எதுவோ நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். அம்மா செத்துப் போகும்போது அவனுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டது நான். நான் கல்யாணம் முடித்த பிறகும் எங்களோடுதான் இருந்தான். என் வீட்டுக்காரருக்கு ஆனையிறவு உப்பளத்தில் வேலை, கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். தோட்டம் முழுவதையும் தம்பிதான் பார்த்தான். இரவுக் காவலுக்குத் தோட்டத்து மூலையில் ஒரு ஓலைக் கொட்டில் இருந்தது. தட்டி மானைக் கலைத்து விரட்ட ஒரு தகரமும், ஒரு நாயும்.

அந்த நாயில்தான் எங்கள் கோபம் தொடங்கியது. காவலுக்கு அருமையான நாய். ஆனால் என் கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்றது. நான் சொல்லிப் பார்த்தேன், கட்டிவை என்றேன், அவன் கேட்கவில்லை. ஒருநாள் அவன் சந்தைக்குப் போன நேரம், வெற்றிலைக்கேணிப் பக்கம் போகிற மீன் வண்டில்காரனிடம் நாயைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். பின்னேரம் வந்து தேடினான்.

"அக்கா, நாயெங்கை?"

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"மீன் வண்டில்காரனுக்கு. ஏழு குஞ்சு திண்டிட்டுது. எட்டாவதையும் திண்டு முடிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ?"

"நாயில்லாமல் மானை ஆர் கலைக்கிறது? நீ வந்து நிண்டு குலைப்பியோ?"

"உனக்குக் கால் ரெண்டு கிடக்குத்தானே. ஓடிக் கலையன்."

அவன் உள்ளே போய்த் தன் பாயையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கொட்டிலுக்குப் போய்விட்டான். அங்கேயே மூன்று கல்லை வைத்து உலை மூட்டினான். இரண்டு மாதம் நாங்கள் கதைக்கவில்லை. கிணற்றடியில் நின்று பார்த்தால் அவன் அடுப்புப் புகை தெரியும். இன்றைக்குச் சமைத்தான், இன்றைக்குச் சமைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் போகவில்லை. மூத்தவள் நான், நான் எப்படிப் போவது என்று இருந்தேன்.

அது ஒரு வியாழக்கிழமை. இன்னும் சரியாக வெளிக்கவில்லை. நான் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது. அது நகர்ந்து நகர்ந்து றோட்டுக்கு ஏறுகிற ஒழுங்கைப் பக்கம் போனது. கலைக்கிறான் என்று நினைத்தேன். பிறகு றோட்டில் லொறிச் சத்தம். பிறகு எதிலோ இடிபட்ட சத்தம். அதற்கு மேல் தகரம் கேட்கவில்லை. கலைத்துவிட்டான், திரும்பிப் போய்ப் படுத்திருப்பான் என்று எண்ணிக்கொண்டு, தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டுக் கடகத்தைத் தூக்கினேன்.

நான் போகும்போது நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். றோட்டின் வடக்குக் கரையில் பெரிய கிடாய் மான் ஒன்று கிடந்து காலை உதறிக்கொண்டிருந்தது. கொம்பு ஒரு பக்கம் முறிந்திருந்தது. லொறி கொஞ்சத் தூரம் தள்ளிப் போய் நின்றது. விறகு லொறி, யாழ்ப்பாணம் போகிறது. முன் விளக்கு ஒன்று உடைந்து, அதில் மயிரும் இரத்தமும் ஒட்டியிருந்தது. லொறிக்காரன் மெலிந்த மனிதன், தலையில் துவாய் கட்டியிருந்தான்.

"ரெண்டு தரம் இடிச்சது," என்றான். "ஒண்டு இஞ்சாலை. மற்றது அங்காலைப் பக்கத்தாலை. ரெண்டு மானோ தெரியேல்லை."

எங்களுக்குள் மூத்தவர் வண்டில் வைத்திருந்த ஒருவர். வண்டில்கார அண்ணை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் சிரித்தார். "ரெண்டெண்டால் நல்லதுதானே. மற்றது எங்கை எண்டு பாருங்கோடா. ஆளுக்கொரு தொடை."

ஒருவன் வாய்க்கால் பக்கம் போகத் திரும்பினான். அப்போது நான்தான் சொன்னேன்.

"ஒரு மான்தான். இடிபட்டு மேலை எழும்பி விழேக்கை திருப்பியும் இடிபட்டிருக்கும். ஆடு வெட்டேக்கை பாக்கேல்லையோ, எத்தினை துள்ளுத் துள்ளுது."

சொல்லத் தெரிந்தவள் சொல்கிறாள் என்று அவன் நின்றுவிட்டான். எங்களுக்குள் கடை வைத்திருந்த கடைக்காரரின் பெண்சாதியும் சேர்ந்து சத்தம் போட்டாள். "பற்றைக்கை தேடிக்கொண்டு நில்லுங்கோ. விதானையார் சைக்கிள்ளை வருவார். அவரே வந்து எல்லாருக்கும் பங்கு பிரிச்சுத் தருவார்."

எல்லாரும் சிரித்தார்கள். மானைத் தூக்கினார்கள். அன்றைக்கு எங்களுக்கு இன்னும் கொஞ்சம் பேராசை இருந்திருந்தால் இரண்டாவது மானைத் தேடிப் போயிருப்போம். போயிருந்தால் அவனைக் கண்டிருப்போம். அதை எத்தனையோ வருஷமாக நினைத்துப் பார்த்துவிட்டேன்.

மண் போட நானும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றோம். வடக்குக் கரையில் நிறைய இரத்தம். அதை அவர்கள் மூடினார்கள். தெற்குக் கரையிலும் இருந்தது. தார் முடிகிற இடத்தில் ஒரு கையகலம், அதிலிருந்து இழுத்த கோடு போல வாய்க்கால் பக்கம் கொஞ்சம். அதை நான் மூடினேன். மூன்று கடகம் மண். கடைசிக் கடகத்தைக் கொட்டித் தட்டும்போது ஈச்சம்பற்றையில் காகம் ஒன்று விடாமல் கத்தியது. குடல் வாசத்துக்கு வந்த காகம் என்று மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து எறிந்தேன். அது கொஞ்சம் எழும்பிப் பறந்துவிட்டு அதே இடத்தில் வந்து குந்தியது.

வண்டில்கார அண்ணையின் வளவுக்குள் ஓலை விரித்து மானை உரித்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. எந்த வீட்டிலும் இறைச்சி சமைக்கக் கூடாது. ஆகவே அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும், முடியாததை உப்புப் போட்டு வெயிலில் விட வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். லொறிக்காரன் தொடையையும் கொம்பையும் சாக்கில் சுற்றி விறகுக்கு அடியில் செருகிக்கொண்டு போய்விட்டான். போகும்போது லொறியின் பின் இலக்கத்தைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமம் என்றாலும் இலக்கம் எனக்குப் பிழைக்காது.

எங்கள் பங்கு முறை இதுதான். கூறு போட்ட இறைச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் இருப்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பிப் பார்க்காமல் அவர் ஒரு வீட்டைச் சொல்வார். எலும்பு வந்தாலும் ஈரல் வந்தாலும் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. அன்றைக்கு முதுகு காட்டி இருந்தவர் கடைக்காரர். ஒன்பது கூறு போட்டிருந்தார்கள்.

"பத்தாய்ப் போடுங்கோ," என்றேன் நான்.

கடைக்காரர் பெண்சாதி இடுப்பில் கை வைத்தாள். "பத்தாவது ஆருக்கு?"

"என்ரை தம்பிக்கு."

"உன்ரை தம்பிதானே? உன்ரை பங்கிலை குடன்."

"அவன் தனி உலை. தோட்டத்திலை புகை வாறது உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"கதை பேச்சில்லை எண்டு ஊரெல்லாம் தெரியும். இறைச்சி எண்ட உடனை தம்பியாக்கும்!"

"கோவம் எங்கடை வீட்டுக்கை. பங்கு ஊருக்குப் பொது. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதையுங்கோ."

"அப்ப அவன் வந்து வாங்கட்டும்."

"விடிய விடியக் காவல் கிடந்தவன் நித்திரையாயிருப்பான். நான் கொண்டுபோய்க் குடுப்பன்."

வண்டில்கார அண்ணை கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அவள் சொல்லுறது ஞாயம்தான், போடுங்கோ," என்றார். ஒவ்வொரு கூறிலும் ஒரு துண்டு எடுத்துப் பத்தாவது கூறு போட்டார்கள். ஒவ்வொருவரும் தன் கூறு சிறுப்பதைப் பார்த்து முணுமுணுத்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். கடைசியாக மிஞ்சிய கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்டபோது கடைக்காரர் முதுகைத் திருப்பாமலே, "தோட்டத்துக்கு," என்றார். அதில் நல்ல சதை இருந்தது. எனக்குச் சந்தோஷம்.

உண்மையைச் சொன்னால், அவனோடு கதைக்க எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் போனால் மன்னிப்புக் கேட்கப் போனதாக ஆகும். பங்கைக் கொண்டுபோனால் அது ஊர் வழக்கம். அவன் பங்கை என் பங்கோடு கலக்காமல் தனிச் சட்டியில், மிளகு கூடப் போட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி வறள வைத்தேன். அடுப்படியில் இருந்துகொண்டே என்ன சொல்வது என்று நினைத்தேன். "மான் இறைச்சி. சூட்டோடை தின்." அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்வதில்லை. அவன் என்ன சொல்கிறான் என்று பார்ப்பது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு கிண்ணத்தில் சோறும், துணி சுற்றிய சட்டியுமாகத் தோட்டத்துக்குப் போனேன். கொட்டிலில் ஆள் இல்லை. பாய் விரித்தபடி கிடந்தது. அடுப்பில் சாம்பல் குளிர்ந்திருந்தது. கொட்டில் கப்புக்காலில் தொங்கிய அரிக்கன் லாம்பு அந்த வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் செலவென்று விளக்கைத் தணித்துத் தணித்து வைக்கிறவன் அவன். நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டு லாம்பை ஊதி நூர்த்தேன். தகரத்தைத் தேடினேன். தகரம் இல்லை.

முதல் நாள் தூறல் போட்டிருந்ததால் மண்ணில் அடி தெரிந்தது. மான் பாய்ந்து பாய்ந்து போன குளம்படி. அதன் பின்னால் மனித அடி. குதி பதியவில்லை, விரல் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. ஓடியிருக்கிறான். பயற்றம் பாத்திக்குள்ளால், வேலிக் கடப்பு வழியால், ஒழுங்கையால் அந்த இரண்டு அடியும் ஒன்றன்பின் ஒன்றாக றோட்டுக்குப் போயின. நானும் பின்னால் போனேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் மான் அடி திரும்பியிருந்தது. மனித அடி திரும்பவில்லை. அது நேரே தாருக்கு ஏறியது.

றோட்டில் ஒன்றும் தெரியவில்லை. மண் அவ்வளவு சுத்தமாகப் போடப்பட்டிருந்தது.

நான் றோட்டைக் கடந்து தெற்குக் கரைக்குப் போனேன். என் மண்ணைக் காலால் கொஞ்சம் விலக்கினேன். பிறகு இருந்து கையால் விலக்கினேன். அந்தக் கோடு வாய்க்காலுக்குள் இறங்கியது. காகம் இன்னும் அங்கேதான் இருந்தது.

அவன் வாய்க்காலுக்குள் பக்கவாட்டில் கிடந்தான். மேலே ஈச்சம்பற்றை கவிந்திருந்தது. தகரம் காலடியில் நெளிந்து கிடந்தது. ஒரு கால் இருக்க வேண்டிய பக்கம் இல்லை. முகத்திலும் கழுத்திலும் எறும்பு. கண் திறந்திருந்தது. செத்துப்போனான் என்று நினைத்து இறங்கினேன். கண் என்னைப் பார்த்து அசைந்தது.

நான் போட்ட சத்தத்துக்கு ஒன்பது வீடும் ஓடி வந்தது. சாப்பாட்டு நேரம். பாதிப் பேர் கை கழுவாமல் வந்தார்கள். தூக்கும்போது அந்தக் கைகளில் மிளகாய்த்தூளும் இறைச்சியும் மணத்தது. வண்டில்கார அண்ணை கிளறிக் கிடந்த மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே றோட்டில் குந்திவிட்டார்.  

கதவொன்றைக் கழற்றி அதில் படுக்க வைத்தோம். கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸை மறித்தோம். ஆட்கள் எழும்பி இடம் விட்டார்கள். பஸ் தரையில் கதவோடு வைத்து, அவன் தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். கொடிகாமம் தாண்டிய பிறகு ஒரு முறை தண்ணீர் கேட்டான். துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு கதைத்தான். காற்று மட்டும்தான் வந்தது. காதை வாயோடு வைத்துக் கேட்டேன்.

"அது திரும்பிச்சுது அக்கா. நான் திரும்பேல்லை."

"கதையாதை. ஆசுப்பத்திரி வந்திட்டுது."

"கூப்பிட்டனான். சத்தம் வரேல்லை."

"ஓமடா."

"உன்ரை சத்தம் கேட்டுது. மண் போட்டனி."

நான் துணியை இன்னொருதரம் நனைத்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவன் பல்லைக் கடித்தான். கொஞ்ச நேரம் போய், "எனக்குப் பங்கு கேட்டனி என்ன? வளவுக்கை கத்தினது வாய்க்கால் வரைக்கும் கேட்டுது," என்றான். சிரிக்கப் பார்த்தான் போல இருந்தது. "அவளோடை ஏன் சண்டை. உன்ரையிலை தந்திருக்கலாமே."

அவன் என்னிடம் கதைத்த கடைசிக் கதை அதுதான்.

சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் அவனுக்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி நல்ல மனிதர். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எத்தினை மணிக்கு நடந்தது அம்மா?"

"விடிய."

அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.  உள்ளே இரத்தம் கட்டிவிட்டது என்று பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். பொழுதுபட முன் தம்பி முடிந்துபோனான்.

மறுநாள் காலை மரண விசாரணைக்காரர் வருவதாகச் சொன்னார்கள். பிரேதத்தை அதற்குப் பிறகுதான் தருவார்கள். என் வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து நேரே வந்திருந்தார். வண்டில்கார அண்ணையும் கடைக்காரரும் வந்திருந்தார்கள். ஆசுப்பத்திரி விறாந்தையில் வண்டில்கார அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். விடியக் கண்டதை விடப் பத்து வயது கூடியவர் போலத் தெரிந்தார்.

"பிள்ளை, என்ன சொல்லப் போறாய்?"

"நடந்ததை."

"லொறி எண்டு சொன்னால் மான் எங்கை எண்டு கேப்பினம். மான் வெளியிலை வந்தால் ஒன்பது வீட்டுச் சட்டியும் வெளியிலை வரும். குஞ்சு குருமன் எல்லாம் திண்டது. ஒருத்தரும் தெரிஞ்சு செய்யேல்லை."

"தெரிஞ்சு செய்யேல்லை எண்டதையும் சொல்லுறன்."

கடைக்காரர் தூணோடு நின்றபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மான் முட்டினது எண்டு சொன்னால் ஒருத்தருக்கும் பொல்லாப்பில்லை. போன பிள்ளை போயிட்டுது."

எனக்குக் கொதித்தது. "உங்கடை சட்டிக்காக என்ரை தம்பியை மான் முட்டினவன் ஆக்கச் சொல்லுறியளோ? லொறி இலக்கம் எனக்குத் தெரியும். ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவன்."

 என் வீட்டுக்காரர், "நீ என்ன சொன்னாலும் நான் உன்ரை பக்கம்தான்," என்றார். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் நான் உள்ளே போனேன். அதை யாரும் நம்பாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

விசாரணைக்காரர் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். மேசையில் பெரிய கொப்பி. எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் வாசலில் நின்றார்கள். கடைக்காரர் பெண்சாதியும் நின்றாள்.

"எங்கை கிடந்தவர்?"

"றோட்டுக்குத் தெற்கை, வாய்க்காலுக்கை ஐயா."

"ஆர் கண்டது?"

"நான்தான்."

"றோட்டிலை இரத்தம் கிடந்ததோ? அடிபட்ட இடம் பாத்தனீங்களோ?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. லொறியைச் சொல்லலாம், மானைச் சொல்லலாம், ஒன்பது வீட்டையும் சொல்லலாம். அதெல்லாம் வாயில் தயாராக இருந்தது. ஆனால் இரத்தம் கிடந்ததோ என்றால், கிடந்தது. என்ன ஆனது என்றால், மூடினது. ஆர் மூடினது என்றால்? அதை அந்தப் பெரிய கொப்பியில் எழுதிவிட்டு, அவர் எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டுவார். வாசலில் நிற்கிறவர்கள் கேட்பார்கள். இடுப்பில் கை வைத்தவள் கேட்பாள். தம்பிக்குப் பங்கு வேண்டும் என்று நிமிர்ந்து நின்றவள் தம்பியின் இரத்தத்துக்கு மூன்று கடகம் மண் போட்டவள் என்று கேட்பார்கள். அவர்களுக்கு அது முன்பே தெரியும். தெரிவது வேறு, என் வாயால் கேட்பது வேறு.

"இரத்தம் கிடக்கேல்லை ஐயா," என்றேன்.

"ஏதும் வாகனம்?"

இலக்கம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

"இல்லை ஐயா. மான் முட்டினது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "மான் முட்டி இடுப்பெலும்பு முறியுமோ அம்மா?"

"பெரிய கிடாய் ஐயா. கொம்பு இவ்வளவு." கையால் காட்டினேன்.

"மான் எங்கை?"

"காட்டுக்கை ஓடியிட்டுது."

 பிறகு எழுதினார். வாசித்தார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார். எனக்கு ஒப்பம் வைக்கத் தெரியும் என்று சொல்லி, பேனையை வாங்கி, என் பெயரை முழுவதும் எழுதினேன். ஒரு எழுத்தும் கோணவில்லை.

வெளியே வந்தபோது கடைக்காரர் பெண்சாதி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டில்கார அண்ணை துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். பிரேதத்தைக் கொண்டுபோக அவர்தான் வண்டில் பூட்டினார். செத்த வீட்டுச் செலவெல்லாம் கடைக்காரருடையது. எட்டாம் நாள் சடங்கு முடியும் வரை ஒன்பது வீட்டில் எந்த வீட்டிலும் அடுப்பு அவரவருக்காக எரியவில்லை, எனக்காக எரிந்தது. அடுத்த மாரிமழைக் காலத்துக்கு என் வேலியை நான் கேட்காமலே அடைத்துத் தந்தார்கள். கிணறு இறைத்துத் தந்தார்கள். எந்த நல்ல காரியத்துக்கும் முதல் சொல்வது எனக்குத்தான். ஒழுங்கையில் என்னைக் கண்டால் எழும்பி நிற்பார்கள்.

நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். மான் முட்டிச் செத்தவனின் அக்கா என்று புது ஆட்களுக்கு என்னைக் காட்டும்போதும், ஓம், அது நான்தான் என்று சொன்னேன்.